கல்லில் இருக்கும் ஊரும் காலடியில் இருக்கும் ஊரும்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவன் பாடு எப்போதும் திண்டாட்டம்தான். அதிலும் இன்று பாயசம் இரண்டு தரம் வந்தது. கண் சொக்கினால் தாராளமாகத் தூங்குங்கள். வகுப்பில் நாம் தூங்காததா? குறட்டை மட்டும் வேண்டாம்.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு “மத்திய கால வரலாறும் பழம்பெரும் நகரங்களின் பாரம்பரியமும்”. இதில் பேசப் பேராசிரியர்கள் பலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நான் இங்கே பி.ஏ. வரலாறு படித்தேன் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு முப்பத்துமூன்று வருஷம் நான் பார்த்த உத்தியோகம் நகராட்சியில் வீட்டு வரிப் பிரிவு. பில் கலெக்டராகச் சேர்ந்து, வருவாய் அலுவலராக ஓய்வு பெற்றேன். வீடு வீடாகப் படியேறி, “ஐயா இல்லை, நாளைக்கு வாங்க” என்ற பதிலை லட்சம் தடவை கேட்டவன். ஆகவே சரித்திரத்தை எனக்குத் தெரிந்த கண்ணாடி போட்டுத்தான் பார்க்க முடியும். உலகத்து நகரங்கள் எல்லாவற்றையும் சுற்றி வராமல் நமக்கு நெருங்கிய ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர்.

தஞ்சாவூர் என்றதும் எல்லோர் கண்ணும் மேலே போகும், பெரிய கோயில் விமானத்துக்கு. ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரம். ராஜராஜனின் இருபத்தைந்தாம் ஆட்சி ஆண்டில், அதாவது 1010-இல், உச்சிக் கலசம் கொடுத்தான். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். நான் உங்களைக் கொஞ்சம் கண்ணைக் கீழே இறக்கச் சொல்கிறேன். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியும், திருச்சுற்று மாளிகையிலும் கல்வெட்டு எழுத்து நெருக்கமாக ஓடுகிறது. தான் கொடுத்ததையும், அக்காள் குந்தவை கொடுத்ததையும், தன் தேவிமார் கொடுத்ததையும், வேறு யார் கொடுத்திருந்தாலும் அவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டும்படி ராஜராஜன் உத்தரவிட்டிருக்கிறான். மன்னன் புகழ்தான் இருக்கும் என்று நினைத்துப் படிக்கப் போனால், பாதிக்கு மேல் கணக்கு! எடை, அளவு, நிலம், வட்டி, சம்பளம், வீடு. என் போன்றவனுக்கு அது கோயில் சுவராகவே தெரியவில்லை. ஆபீசில் தினமும் புரட்டிய டிமாண்ட் ரிஜிஸ்தரைப் போலத்தான் தெரிந்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கோயில் பணிக்காகச் சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டு வந்து குடியேற்றினார்கள். திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை என்று எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. அதற்கு மேல் விலாசம் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரியா, வடக்குத் தளிச்சேரியா; அதில் தென்சிறகா, வடசிறகா; அந்தச் சிறகில் எத்தனையாவது வீடு. சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. நம் பக்கத்துக் கிராமத்து அக்கிரகாரங்களில் இன்றைக்கும் பெரியவர்கள் “அவர் வடசிறகு” என்றுதான் அடையாளம் சொல்வார்கள். ஆயிரம் வருஷத்துக் கதவு எண் அது. முனிசிபாலிடி வந்த பிறகுதான் கதவு எண் வந்தது என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார். அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்தச் சுவரைக் காட்ட வேண்டும் என்று பல நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளக்கிற மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். பங்கு பெறுகிறவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது? அதற்கும் விதி இருக்கிறது. நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். அவருக்கு அந்த வேலை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அவர் அமர்த்த வேண்டும். நாம் இன்றைக்குக் கருணை அடிப்படையில் வாரிசு வேலை என்கிறோமே, அதுதான். நம் சர்க்காரில் தகுதி பார்ப்பதில் கொஞ்சம் தாராளம், அவ்வளவே வித்தியாசம்.

அந்தப் பட்டியலில் பெண்டுகள் மட்டும் இல்லை. ஆட்டம் சொல்லித் தருகிற நட்டுவர், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கு ஏற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் எல்லோருக்கும் பங்கு உண்டு. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் அதே கல்லில் இருக்கிறது. நாவிதர்களுக்கும் தையற்காரர்களுக்கும் உரியதை மன்னனின் கொடையை வெட்டிய அதே கல்லில் வெட்டினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பட்டிமன்றக்காரன் ஆகிவிடுவேன். அந்த நானூறு பேரை விருப்பம் கேட்டுத்தான் கூட்டி வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லவில்லை. அதே கோயிலுக்கு நெல் அளந்த கிராமங்களின் கணக்கில், வரி இல்லாத நிலங்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. நிலத்தைப் பின்னத்தின் பின்னமாகப் பிரித்து அளந்த அந்தக் கணக்கர், மனிதர்களையும் சேரி சேரியாகப் பிரித்தே எழுதியிருக்கிறார். ஊரின் அழகும் அதில் தெரிகிறது, ஊரின் அவலமும் தெரிகிறது. பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். குதிக்கக் கூடாது. பாரம்பரியம் என்றால் நல்லதும் பொல்லாததும் சேர்ந்து வந்த சொத்து. கடனை விட்டுவிட்டுச் சொத்தை மட்டும் பிரித்துக்கொள்ள எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

சரி, அந்தத் தஞ்சாவூர் எப்படி இருந்தது? உள்ளாலை என்று உட்பகுதி, புறம்படி என்று வெளிப்பகுதி. வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, மடைப்பள்ளித் தெரு, சாலியர் தெரு, கந்தர்வர் தெரு. கடைத்தெருக்களுக்கு அங்காடி என்று பெயர். அரசியின் பெயரால் திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று ஒன்று. படிக்கும்போதே யானைச் சாணி வாசனையும், மடைப்பள்ளிப் புகையும், தறிச் சத்தமும் வருகிற மாதிரி இருக்கிறது அல்லவா?

இப்போது அந்தத் தெருக்கள் எங்கே? ஒன்றுகூட அந்தப் பெயரில் இல்லை. ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிக்கொண்டு போனான். பிறகு 1219-ஐ ஒட்டி மாறவர்மன் சுந்தர பாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். அதை அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. மண்ணும் மரமும் செங்கல்லுமாக இருந்த ஊர் போயிற்று. கல்லாக இருந்த கோயில் நின்றது. ஊரின் ரிஜிஸ்தர் கோயில் சுவரில் இருந்ததால், ஊர் அழிந்த பிறகும் ஊரின் கணக்கு தப்பியது.

தப்பியும் என்ன பயன்? அந்த எழுத்தைப் படிக்கிற வழக்கமே நம்மிடம் அற்றுப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் காடுவெட்டிச் சோழன் என்றார்கள், கரிகாலன் என்றார்கள். ராஜராஜன் பெயரை யாரும் சொல்லவில்லை. 1886-இல் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் வந்து வரி வரியாகப் படித்து அச்சில் ஏற்றிய பிறகுதான் கட்டியவன் யார் என்று நமக்கே உறுதியாயிற்று. தினமும் அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். படிக்கத்தான் இல்லை. ஒரு ஊர் தன்னையே மறப்பதற்குப் படையெடுப்புத்தான் வேண்டும் என்பதில்லை, பாருங்கள்.

இனி இரண்டாவது தஞ்சாவூருக்கு வருகிறேன். நீங்களும் நானும் சைக்கிளில் சுற்றிய தஞ்சாவூர் இதுதான். 1532-இல் சேவப்ப நாயக்கர் ஆட்சி தொடங்கியது. அச்சுதப்பர், ரகுநாதர், விஜயராகவர் என்று 1673 வரை நாயக்கர்கள். 1676 முதல் ஏகோஜியில் தொடங்கி மராட்டியர்கள், 1855 வரை. கோட்டை, அகழி, அரண்மனை, மேலவீதி, தெற்கு வீதி, கீழவீதி, வடக்கு வீதி என்று நான்கு ராஜவீதிகள், அவற்றுக்குள் பின்னிப் பின்னிப் போகிற சந்துகள். இந்த ஊரைக் கட்டியவர்களும் குடியிருந்தவர்களும் தெலுங்கு பேசினார்கள், மராத்தி பேசினார்கள், சௌராஷ்டிரம் பேசினார்கள், தமிழ் பேசினார்கள். கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் மேல அலங்கம், கீழ அலங்கம், வடக்கு அலங்கம் என்று பெயர் மட்டும் இருக்கிறது. அலங்கம் என்றால் கோட்டைக் கொத்தளம். டவுன் பஸ்ஸில் ஏறி “அலங்கம் ஒண்ணு” என்று டிக்கெட் கேட்கிறவர், தன்னை அறியாமலே ஒரு கோட்டையின் பெயரைச் சொல்கிறார்.

சிலர் கேட்கிறார்கள், சோழர் காலத்தது மட்டும்தானே பாரம்பரியம், மற்றதெல்லாம் பிற்காலத்து ஒட்டு வேலைதானே என்று. அப்படிப் பார்த்தால் பெரிய கோயிலையே பிரிக்க வேண்டியிருக்கும். நாம் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய நந்தியின் மண்டபம் நாயக்கர் காலத்தது. நுணுக்க வேலைப்பாட்டுக்காக வியக்கும் சுப்பிரமணியர் கோயிலும் அவர்கள் காலத்தது. அம்மன் சந்நிதி பாண்டியர் காலம். மராட்டிய வம்ச வரலாற்றைச் சரபோஜி மன்னர் 1803-இல் அதே கோயிலில் கல்லில் வெட்டி வைத்தார். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிறகு தொல்லியல் துறை மேல் ஓவியத்தைப் பக்குவமாகப் பெயர்த்துத் தனியே பொருத்தி, கீழ் ஓவியத்தையும் காப்பாற்றியது. மேலே உள்ளதைச் சுரண்டி எறிந்துவிட்டுக் கீழே பார்க்கலாம் என்று நினைக்கவில்லை. நகரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தூங்குகிறவர்கள் எழுந்துகொள்ளலாம்.

பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி பெற வேண்டும். 1992-இல் அறிவிப்பாக வந்தது, 2010-இல் சட்டத்திலேயே சேர்ந்தது. நல்லது. ஆனால் முந்நூறு மீட்டர் தாண்டியதும் என்ன? அங்கேதான் ஊர் இருக்கிறது! கோயிலுக்குக் காவல் இருக்கிறது. அந்தக் கோயிலோடு பிறந்து, எரிந்து, மறுபடி முளைத்து, ஐந்நூறு வருஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஊருக்கு யார் காவல்?

முதலில் தண்ணீர். மேற்கே சேவப்பநாயக்கன் ஏரி. அங்கே சேரும் மழைத்தண்ணீர் சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கே தெளிந்து, நிலத்தடி வழியாக ஊருக்குள் ஐயன்குளத்துக்கும் சாமந்தான் குளத்துக்கும் போகும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்ற ஒரே விதிதான். குளம் நிறைந்தால் சுற்றுத் தெருக் கிணறுகள் ஊறும். கிணறு ஊறினால் வீட்டில் மனிதர் இருப்பார். இவ்வளவுதான் பழைய நகரத்தின் சூத்திரம். குழாய்த் தண்ணீர் வந்ததும் இந்த வழியை மறந்தோம். வழியின் மேல் வீடு கட்டினோம், கடை கட்டினோம், குப்பை கொட்டினோம். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொலிவுறு நகரத் திட்டத்தில் ஐயன்குளத்தைத் தூர் வாரிச் சீர்செய்தபோது, அந்தப் பழைய நிலத்தடி வழியைத் தேடிப் பிடித்துத் துப்புரவு செய்தார்கள். குளத்தில் மறுபடி தண்ணீர் நின்றது. எத்தனையோ விழாவுக்குப் போயிருக்கிறேன். அந்தக் குளத்துப் படியில் போய் நின்றபோது உண்டான சந்தோஷம் வேறு. நாயக்கர் காலத்து ஓவர்சியர் ஒருவர் போட்ட மட்டக்கோடு இன்னும் சரியாக இருக்கிறது என்பதைத் தண்ணீரே நிரூபித்துவிட்டது.

இரண்டாவது, வீடு. ராஜவீதிகளிலும் சந்துகளிலும் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. இதற்கு யாரையும் நான் திட்டத் தயாராக இல்லை. வரி போடப் போனவன், உள்ளே நடப்பது எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு ஏழு பங்காளிகள். மூன்று பேர் வெளிநாட்டில். ஓட்டைப் பிரித்து மாற்ற ஆள் கிடைப்பதில்லை. சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. மழை பெய்தால் கூடத்தில் அண்டா வைக்க வேண்டும். எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசுவது நியாயமில்லை. எங்கள் செட் நண்பர் ஒருவர் தாத்தா வீட்டை விற்றார். விற்ற பணத்தில்தான் அவருடைய மகளுக்கு வைத்தியம் நடந்தது. அவரிடம் போய் “மரத்தூண் போச்சே” என்று நான் அழ முடியுமா? வீட்டைக் காப்பாற்று என்று சொல்வதற்கு முன், அந்த வீட்டுக்காரருக்கு வரியிலோ பழுதுபார்ப்பிலோ ஏதாவது ஒரு கை கொடுக்க வேண்டும். வரிப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், காலி மனையை விடப் பழைய வீட்டை வைத்திருப்பதே லாபம் என்று ஒரு நிலைமை வந்தால்தான் வீடு நிற்கும். உபதேசத்தால் நிற்காது.

மூன்றாவது, மனிதர். இதுதான் கஷ்டமான பகுதி. அகழிக் கரையில், அலங்கங்களில், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஏழைக் குடும்பங்களை ஆக்கிரமிப்பு என்று சொல்லி அண்மை ஆண்டுகளில் அகற்றினார்கள். அகழி சாக்கடையாகக் கிடப்பதை யாரும் விரும்பவில்லை. சுத்தம் செய்யத்தான் வேண்டும். அதே நேரம், அந்தக் குடும்பங்களும் இந்த ஊரின் ஒரு சிறகுதானே? இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. ஹம்பியில், விருபாட்சர் கோயில் முன் உள்ள பழைய பஜாரில், விஜயநகர காலத்து மண்டபங்களையே கடையாகவும் வீடாகவும் ஆக்கிக்கொண்டு வாழ்ந்தவர்களை 2011-இல் இயந்திரம் வைத்து அகற்றினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள். மண்டபங்கள் தெளிவாகத் தெரிகின்றன இப்போது. ஆனால் பஜார் என்று பெயர் இருக்கிறது, வாங்க விற்க ஆள் இல்லை. சின்னத்துக்கு எது ஊறு, ஊருக்கு எது உயிர் என்று கோடு போடுவது சுலபமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். ராஜராஜன் நானூறு பேரை ஊர் விட்டு ஊர் பெயர்த்தான். பெயர்த்தது சரியா தவறா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்; எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒருத்தி விடாமல் எழுதி வைத்தான். நாம் பெயர்க்கிறவர்களின் பெயர்கள் ஆயிரம் வருஷம் வேண்டாம், ஐம்பது வருஷம் கழித்துத் தேடினால் எங்காவது கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு அப்புறம் நாம் பாரம்பரிய விழா கொண்டாடலாம்.

பாதுகாப்பு என்பது கல்லுக்கு மட்டும் அல்ல என்பதைப் பெரிய கோயிலே ஒரு தடவை கொடுமையாகச் சொல்லிக் காட்டியது. 1997 ஜூன் 7-ஆம் தேதி, குடமுழுக்கை ஒட்டிய யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் நின்றது, மனிதர் போனார்கள். அதன் பிறகு 23 ஆண்டு கழித்து, 2020 பிப்ரவரி 5-ஆம் தேதிதான் அடுத்த குடமுழுக்கு நடந்தது.

நண்பர்களே, குறை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது அழகல்ல. ஒரு யோசனை சொல்கிறேன். செலவு அதிகமில்லை.

உங்கள் ஒவ்வொருவர் வீட்டு பீரோவிலும், டிரங்குப் பெட்டியிலும் பழைய கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், செட்டில்மெண்ட் பத்திரம் இருக்கும். அதில் செக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு. நான்கு எல்லை. இன்னார் மனைக்கு வடக்கு, இந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, இந்தச் சந்துக்குத் தெற்கு, இந்தக் குளத்துக் கரைக்கு மேற்கு என்று எழுதியிருக்கும். விலை போடுகிற இடத்தில் பொய் இருக்கலாம், எல்லை போடுகிற இடத்தில் யாரும் பொய் எழுத மாட்டார்கள். எழுதினால் தனக்கே நஷ்டம். மூடிப் போன வாய்க்கால், தூர்ந்து போன குளம், பெயர் மாறிப் போன தெரு எல்லாம் அந்த நாலு வரியில் பத்திரமாக இருக்கின்றன. பெரிய கோயில் சுவரில் இருக்கிற கணக்குக்கு நேர் வாரிசு நம் வீட்டு மூலப் பத்திரம்தான். வீடு கை மாறும்போது மூலப் பத்திரமும் கை மாறுகிறது. வங்கி லாக்கருக்கோ வக்கீல் கட்டுக்கோ போய்விடுகிறது. புது வீட்டுப் பத்திரத்தில் பெரும்பாலும் சர்வே எண்தான் முன்னால் நிற்கும். வாய்க்கால் பெயர் இருக்காது.

ஆகவே நம் சங்கம் செய்ய வேண்டியது இது. விருப்பமுள்ள உறுப்பினர்கள் பழைய பத்திரத்தின் செக்குபந்திப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துத் தர வேண்டும். விலை, கடன், பங்காளிச் சண்டை எல்லாம் உங்களோடு இருக்கட்டும். அது எங்களுக்கு வேண்டாம். நம் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் அவற்றை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து ஒரு வரைபடம் போடட்டும். எந்தக் குளத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது, எந்தச் சந்துக்கு முன்னால் என்ன பெயர், எந்தத் தெருவில் யார் எந்தத் தொழில் செய்தார்கள் என்று தெரிந்துவிடும். வாடகைக்கு இருந்தவர்கள், அகழிக்கரையில் பட்டா இல்லாமல் இருந்தவர்கள், இவர்களிடம் பத்திரம் இருக்காது. அவர்களிடம் ரேஷன் கார்டு இருக்கும், பழைய மின்கட்டண ரசீது இருக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் வாய் இருக்கும். அவர்கள் சொல்வதையும் அதே வரைபடத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாமும் ஒரு பக்கத்துச் சிறகை விட்டுவிட்டுத் தெருவை எழுதியவர்கள் ஆவோம்.

இதற்கு முன்மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. மராட்டியர் காலத்து அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. படிக்க ஆள் அருகிப் போன எழுத்து அது. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. புரட்டிப் பாருங்கள். யாருக்கு என்ன சம்பளம், எந்தப் பண்டம் என்ன விலை என்று சில்லறைச் செய்திகளாக இருக்கும். அந்தச் சில்லறையைச் சேர்த்தால் ஒரு ஊர் எழுந்து நிற்கிறது. பெரிய பெரிய வரலாற்று நூல்கள் தராத ஒன்று அது.

என் வயதில் இருப்பவர்கள் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஊரைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள். “அங்கே ஒரு கிணறு இருந்தது, அதில் நான் விழத் தெரிந்தேன்” என்று சொல்ல ஆள் இருக்கிறபோதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மாணவர்கள் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் விரட்டாதீர்கள். காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். முப்பத்துமூன்று வருஷம் எனக்கு யாரும் காப்பி கொடுத்ததில்லை. வரி கேட்டுப் போனவனுக்கு எப்படிக் கொடுப்பார்கள்! இவர்கள் வரி கேட்டு வரவில்லை, பயப்பட வேண்டாம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நகல் தர விரும்புகிறவர்கள் வாசலில் பதிவேடு வைத்திருக்கும் தம்பியிடம் பெயரும் விலாசமும் கொடுத்துவிட்டுப் போங்கள். கதவு எண்ணை மறக்காமல் எழுதுங்கள். தெருவின் பழைய பெயர் தெரிந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.